அலையும் மண்ணீரல்



ஈரல் என்னும் பெயர் தாங்கிய உறுப்புகள் நம் உடம்பினுள் மூன்று உள்ளன. நுரையீரல், கல்லீரல், மண்ணீரல் என்பன அவை. முதலிரண்டையும் நீங்கள் நன்கு அறிவீர்கள். மூன்றாவதைப் பற்றிப் பாடநூலில் சில வரிகள் இருக்கும். தேர்வில் வினா வருவது அரிது. ஆகவே ஆசிரியரும் விரைந்து கடந்து விடுவார், மாணவரும் மறந்து விடுவர். வகுப்பறைச் சுவரில் மாட்டிய உடற்கூற்றுப் படத்தில், இரைப்பைக்குப் பின்னே பாதி மறைந்து, ஊதா நிறத்தில் ஒரு சிறு பிறைபோல அது காட்சி தரும். அவ்வுறுப்பு தன் இடத்தில் நில்லாமல் வயிற்றுக்குள் அலையத் தொடங்கினால் நேரும் இடரைப் பற்றியும், அதனை வெட்டி எறியாமல் மீண்டும் அதன் இடத்திலேயே நிலைநிறுத்தும் நுண்துளை அறுவையைப் பற்றியும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

பாடநூல் மறந்தாலும் இறைச்சிக் கடை மறக்கவில்லை. எங்கள் குருவிநத்தத்திலும் பாகூர்ச் சுற்று வட்டாரத்திலும் கறிக்கடைக்குச் சென்று மண்ணீரல் வேண்டும் என்று கேட்டால் கடைக்காரர் சற்று விழிப்பார். 'சுவரொட்டி' என்று கேளுங்கள். உடனே எடுத்துத் தருவார். சோகை பிடித்தவர்களுக்கும் பிள்ளை பெற்ற பெண்களுக்கும் அதை வாங்கிச் சமைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் நெடுநாளைய வழக்கம். இரும்புச் சத்து மிகுந்த பொருளாதலால் அவ்வழக்கத்தில் பொருள் இல்லாமலும் இல்லை. சுவரில் வீசினால் ஒட்டிக்கொள்ளும் ஆதலால் அதற்குச் சுவரொட்டி என்று பெயர் வந்தது என்பர். நான் பேச வந்த நோயை ஒரே தொடரில் சொல்ல வேண்டுமானால், அது சுவரில் ஒட்டாத சுவரொட்டி எனலாம்.

மண்ணீரல் என்னும் பெயரும் எண்ணத் தக்கது. நுரைபோல் மென்மையானது நுரையீரல்; கல்போல் திண்மையானது கல்லீரல்; மண்போல் உதிரும் இயல்புடையது மண்ணீரல் என்று பொருள் கொள்ளத் தோன்றுகிறது. இது என் ஊகமே. மொழியறிஞர் வேறு கூறினால் ஏற்றுக்கொள்வேன். ஆனால் அறுவை மருத்துவர்களைக் கேட்டால், ஊசியும் நூலும் பிடிக்காமல் ஈர மண்போல் நெகிழ்ந்து விடும் உறுப்பு இதுவே என்பார்கள். இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னர் வேண்டியிருக்கும்.

இவ்வுறுப்பின் அளவை மனத்தில் இருத்த மருத்துவ மாணவர்கள் ஓர் எளிய வழி வைத்திருக்கிறார்கள். 1, 3, 5, 7, 9, 11 என்னும் ஒற்றைப்படை எண்களே அது. கனம் 1 அங்குலம், அகலம் 3 அங்குலம், நீளம் 5 அங்குலம், எடை 7 அவுன்ஸ். இருக்கும் இடம் இடப்பக்கத்து 9ஆம் விலா எலும்பு முதல் 11ஆம் விலா எலும்பு வரை. இக்கால அளவையில் எடை 150 முதல் 200 கிராம் என்று கொள்ளலாம். ஆக, மூடிய கைப்பிடியளவே ஆன உறுப்பு. இவ்வளவு சிறிய உறுப்புக்கு, இதயம் வெளியேற்றும் குருதியில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு செல்கிறது. வேலை இல்லாத இடத்துக்கு இயற்கை இவ்வளவு குருதியை அனுப்புமா?

ஆயினும் நெடுங்காலம் அதை வேலையற்ற உறுப்பென்றே அறிஞர் கருதினர். உரோம நாட்டுப் பிளினி என்பார், ஓடுவோருக்கு மண்ணீரல் ஓர் இடையூறு என்று எழுதி வைத்தார். கரும்பித்தம் என்று ஒன்று மண்ணீரலோடு தொடர்புடையதாகவும், அது மிகுந்தால் மனச்சோர்வு உண்டாகும் என்றும் கிரேக்க மருத்துவர் நம்பினர். 1867ஆம் ஆண்டில் பாரிஸ் மாநகரில் ழூல் பேயான் என்னும் அறுவை மருத்துவர் ஒரு பெண்ணின் மண்ணீரலை முழுமையாக நீக்கி, அவரை உயிர் பிழைக்கச் செய்தார். அதன் பின் அவ்வெண்ணம் இன்னும் வலுப்பெற்றது. எடுத்த பின்னும் மனிதர் நடமாடுகிறார், உண்கிறார், உறங்குகிறார். ஆகவே அது இருந்தால் என்ன, போனால் என்ன என்று பலரும் முடிவு கட்டினர்.

இம்முடிவு எவ்வளவு பிழையானது என்பதை உணர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1919இல் மாரிஸ், புல்லக் என்னும் இருவர், மண்ணீரல் நீக்கப்பட்ட எலிகள் தொற்றுநோயை எதிர்க்க இயலாமல் மடிவதைக் காட்டினர். அதை அன்று பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. 1952ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் கிங், ஷூமேக்கர் என்னும் இரு மருத்துவர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பிறவியிலேயே குருதியின் சிவப்பணுக்கள் சிதைந்துபோகும் ஒருவகைச் சோகைக்காக, பிறந்து சில மாதங்களே ஆன 5 குழந்தைகளுக்கு மண்ணீரல் எடுக்கப்பட்டிருந்தது. சோகை தீர்ந்தது, ஆனால் அக்குழந்தைகள் அனைவரும் பின்னர்க் கொடிய தொற்றுக்கு ஆளாயினர். ஐந்தே குழந்தைகள்! ஆயினும் அந்த ஐவரின் வரலாறு உலக மருத்துவத்தின் போக்கையே மாற்றியது.

மண்ணீரல் அப்படி என்னதான் செய்கிறது? குருதியை அது வடிகட்டுகிறது. சிவப்பணு ஒன்றின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாட்கள். அது சுமார் 7 மைக்ரான் அகலம் உடையது. மண்ணீரலினுள் உள்ள இடுக்குகளோ அதிற் பாதி அகலமும் இல்லாதவை. இளமையான அணு உடலை வளைத்து நுழைந்து வெளியேறிவிடும். முதுமையால் விறைத்த அணு சிக்கிக்கொள்ளும். அங்கேயே அது பிரிக்கப்பட்டு, அதிலுள்ள இரும்பு மறுபடியும் பயனுக்கு வரும். இது ஒரு வேலை. மற்றொன்று இதனினும் பெரிது. நிமோகாக்கஸ் போன்ற சில கிருமிகள் வழுவழுப்பான உறை ஒன்றைப் போர்த்திக்கொண்டு குருதியில் உலவும். பிற காவலணுக்களின் பிடிக்கு அவை எளிதில் அகப்படுவதில்லை. அவற்றை வடித்துப் பிடிப்பதிலும், அவற்றுக்கு எதிரான பொருள்களை விரைந்து உண்டாக்குவதிலும் மண்ணீரலுக்கு நிகரான உறுப்பு வேறில்லை. அது இல்லாதவர்க்கு அத்தகைய தொற்று வந்தால், காலையில் சாதாரணக் காய்ச்சலாகத் தோன்றியது ஓரிரு நாட்களுக்குள் உயிரையே கொண்டுபோய்விடக் கூடும். இந்த இடர் சிறுவர்களுக்கு மிகுதி. எனினும் எவருக்கும் அது வாழ்நாள் முழுதும் முற்றிலும் நீங்குவதில்லை. மலேரியாக் காய்ச்சலும் இவர்களைக் கடுமையாகத் தாக்கும்.

இந்த உண்மை தெரிந்த பின், மண்ணீரலை எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்னும் முயற்சி எழுந்தது. இதில் நம் நாட்டவர் ஒருவருக்கும் பங்கு உண்டு. அடிபட்டுக் கிழிந்த மண்ணீரலை உடனே எடுத்துவிட வேண்டும் என்பது அந்நாளைய விதி. கனடா நாட்டு டொரண்டோவில் சிறுவர்களைக் கவனித்து வந்த மருத்துவர்கள், கிழிந்த மண்ணீரல் பல வேளைகளில் தானே ஆறிவிடுவதைக் கண்டனர். 1968இல் இதனை விரிவாக எழுதி வெளியிட்ட இருவருள் ஒருவர் பி. உபாத்யாயா, பின்னாளில் தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் குழந்தை அறுவை மருத்துவத் துறையை வளர்த்தவர். மற்றவர் சிம்ப்சன்.

இனி அலையும் மண்ணீரலுக்கு வருவோம்.

மண்ணீரல் தன் இடத்தில் எவ்வாறு நிற்கிறது? அதைத் தாங்க எலும்பு இல்லை. சவ்வு மடிப்புகளே அதனை இரைப்பையோடும், இடச் சிறுநீரகத்தோடும், உதரவிதானத்தோடும் பிணைத்து வைத்திருக்கின்றன. கீழே பெருங்குடலின் வளைவருகே உள்ள மடிப்பு ஒன்று பலகைபோல் ஏந்தி நிற்கிறது. தாயின் வயிற்றில் கரு வளரும்போது, இரைப்பையின் பின்புறத்துச் சவ்வு வயிற்றின் பின்சுவரோடு ஒட்டுவதால் இப்பிணைப்புகள் அமைகின்றன. சிலருக்கு அந்த ஒட்டுதல் நிகழாமலே போய்விடுகிறது. வேறு சிலருக்குப் பிணைப்புகள் பிறவியில் செவ்வனே இருந்தும், மகப்பேற்றுக் காலத்து உடல் மாறுதல்களாலோ, மலேரியா முதலிய நோயால் மண்ணீரல் பருத்துக் கனப்பதாலோ பின்னர்த் தளர்ந்து நீண்டு விடுகின்றன. ஆகவேதான் இந்நோய் சிறுவர்களிடமும், இருபது முதல் நாற்பது வயது வரையுள்ள பெண்களிடமும் மிகுதியாகக் காணப்படுகிறது. மிகுதி என்றேனே, அது ஒப்பீட்டுச் சொல். மண்ணீரலை நீக்கும் அறுவைகள் அனைத்தையும் கூட்டினால், அவற்றுள் கால் விழுக்காட்டுக்கும் குறைவானவையே இந்நோயின் பொருட்டுச் செய்யப்படுபவை.

பிணைப்புகள் இல்லாத மண்ணீரல் எதைப் பற்றிக்கொண்டு நிற்கும்? அதற்குக் குருதி கொண்டுவரும் தமனியும், குருதியைத் திரும்பக் கொண்டு செல்லும் சிரையும் மட்டுமே எஞ்சிய பிடிப்பு. அவ்விரண்டும் சேர்ந்து ஒரு காம்புபோல் நீண்டு விடுகின்றன. மண்ணீரல் காம்பில் தொங்கும் காய்போல் ஆகிறது. படுத்தால் மேலே செல்லும். நின்றால் கீழே இறங்கும். சிலருக்கு இடுப்புக் குழி வரையிலும் வந்து விடுவதுண்டு. கன்றுக்குட்டியைக் குட்டைக் கயிற்றில் கட்டினால் இடர் இல்லை. நீளக் கயிற்றில் கட்டிவிட்டால் முளையையே சுற்றிச் சுற்றிக் கயிற்றை முறுக்கிக்கொள்வதைக் கிராமத்துப் பிள்ளைகள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். மண்ணீரலும் அதையே செய்கிறது.

முறுக்கு விழுந்தவுடன் நேர்வதைப் பாகூர் ஏரிப் பாசனத்தைக் கொண்டு விளக்கலாம். வயலுக்கு நீர் பாயும் மடையும் உண்டு. மிகுந்த நீர் வெளியேறும் வடிகாலும் உண்டு. மடை திறந்திருக்க, வடிகால் மட்டும் அடைபட்டால் என்ன ஆகும்? வயல் மூழ்கும் அல்லவா? தமனியின் சுவர் தடித்தது. அதனுள் குருதி அழுத்தத்தோடு பாய்வது. சிரையின் சுவரோ மெல்லியது, அழுத்தமும் குறைவு. ஆகவே முறுக்கு விழுந்ததும் முதலில் நசுங்குவது சிரையே. உள்ளே வரும் குருதி வந்துகொண்டே இருக்கும்; வெளியே செல்ல வழியிராது. மண்ணீரல் வீங்கிப் பருக்கும். கனம் மிகுந்ததால் முறுக்கு மேலும் இறுகும். இறுதியில் தமனியும் அடைபடும். அதன் பின் அவ்வுறுப்பு கருத்துச் சாகத் தொடங்கும். இதற்கு நாட்கணக்கு வேண்டியதில்லை, மணிக்கணக்கே போதும்.

நோயின் அடையாளங்கள் தெளிவாக இருந்தால் தொல்லை இல்லை. ஆனால் முறுக்கு விழுவதும், படுத்துப் புரண்டவுடன் தானே அவிழ்வதும் மாறி மாறி நிகழக் கூடும். வலி வரும்; போகும். மருத்துவமனைக்குச் செல்வதற்குள் நின்றுவிடும். பள்ளியில் பல்லாண்டு பணியாற்றியவன் என்னும் முறையில் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். திங்கட்கிழமை காலையில் வரும் வயிற்றுவலியையும், கணக்குத் தேர்வன்று வரும் வயிற்றுவலியையும் அறியாத ஆசிரியர் இலர். படுக்க வைத்தால் அவ்வலி தீர்ந்து விடும். விடுமுறை விட்டால் ஓடியே போய்விடும். ஆகவே, வந்து போகும் வயிற்றுவலி என்றாலே பாசாங்கு என்று எண்ணும் பழக்கம் பள்ளிகளில் ஊறிக் கிடக்கிறது. மருத்துவ நூல்களோ, வந்து வந்து போவதும், படுத்தால் தணிவதும் அலையும் மண்ணீரலுக்குரிய அடையாளங்களே என்கின்றன. நூற்றில் தொண்ணூற்றொன்பது பிள்ளைகளுக்கு வேறு எளிய காரணம் இருக்கலாம். இந்நோய் ஆயிரத்தில் ஒருவருக்கும் இராது. ஆயினும், ஒரே பிள்ளைக்கு மீண்டும் மீண்டும் அவ்வலி வருமானால், வயிற்றில் நகரும் கட்டியொன்று கைக்குத் தட்டுப்படுமானால், அதைப் பாசாங்கு என்று தள்ளுவதற்கு எந்த ஆசிரியருக்கும் உரிமை கிடையாது. மாணவர்களாகிய நீங்களும் கேலிக்கு அஞ்சி வலியை மறைக்க வேண்டா.

கையால் தடவிப் பார்க்கும் மருத்துவருக்குச் சில குறிப்புகள் கிட்டும். கட்டியின் ஓரத்தில் மண்ணீரலுக்கே உரிய பள்ளங்கள் தென்படும். இடப்பக்கம் மேல்நோக்கித் தள்ளினால் வலியின்றி நகரும். வேறு திசையில் தள்ளினால் வலிக்கும். ஏன் என்று சிந்தியுங்கள்: மேல்நோக்கித் தள்ளும்போது காம்பு தளர்கிறது, பிற திசைகளில் இழுபடுகிறது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தால் விலாவுக்கு அடியில் மண்ணீரல் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகக் காணப்படும். டாப்ளர் என்னும் முறை, குருதி ஓடுகிறதா நின்றுவிட்டதா என்பதைக் காட்டும். சி.டி. ஸ்கேனில் முறுக்குண்ட காம்பு நீர்ச்சுழிபோல் தோன்றுவதும் உண்டு. தென்பெண்ணைக் கரையோரத்துச் சிற்றூர்களில் இருப்பவர்களாகிய நமக்குப் புதுச்சேரியோ கடலூரோ எட்டாத தொலைவு அன்று; ஸ்கேன் வசதி இன்று அரிதும் அன்று. அரிது யாதெனின், அந்நோய் இருக்கக்கூடும் என்னும் நினைவே.

இதற்கு மருத்துவம் யாது? 1667இல் வான் ஹோர்ன் என்னும் டச்சு மருத்துவர், இறந்த ஒருவரின் உடலை அறுத்துப் பார்த்தபோது இந்நிலையைக் கண்டு குறித்து வைத்தார். 1877இல் ஜெர்மனியில் மார்ட்டின் என்பவர் அலையும் மண்ணீரலை அறுத்து அகற்றினார். 1895இல் போலந்து நாட்டு லுத்விக் ரிதிகியெர் வேறொரு வழி கண்டார். அகற்றுவானேன், அதன் இடத்தில் பொருத்திவிடலாமே என்று அவர் எண்ணினார். வயிற்றுக்குழியின் உட்சவ்வைக் கீறி ஒரு பை அமைத்து, அதனுள் மண்ணீரலைச் செருகி நிறுத்தினார். மண்ணீரலின் பயனை உலகம் அறிவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அதனைக் காக்கும் வழி கண்டவர் அவர். என் கணிப்பில், இக்கதையில் மிகப் பெரிய பாராட்டு அவருக்கே உரியது. ஆனால் அவர் வழியைப் பின்பற்றியோர் சிலரே. பயனற்ற உறுப்பைப் பொருத்துவதற்காக வயிற்றை நெடுகக் கிழிப்பானேன் என்பது பிறர் கேள்வி. அகற்றுவது எளிது, பொருத்துவது கடினம். 1952க்குப் பின்னரே காற்று திசை மாறியது. 1989இல் ஆலன், ஆண்ட்ரூஸ் என்னும் இருவர், அதுவரை எழுதப்பட்ட 35 சிறுவர்களின் வரலாறுகளைத் தொகுத்து, பொருத்தி வைப்பதே தக்க வழி என்று வாதிட்டனர்.

கிழிப்பது பற்றிய தயக்கம் மட்டும் எஞ்சியிருந்தது. அதைப் போக்கியது நுண்துளை அறுவை. லேப்ராஸ்கோப்பி என்று இன்று சிற்றூர் மக்களும் சொல்லும் இம்முறையின் நெடுங்கதையை நான் விரிக்கப் போவதில்லை. 1901இல் ஜெர்மானியரான கெல்லிங் ஒரு நாயின் வயிற்றினுள் காற்றை நிரப்பி, குழல் ஒன்றைச் செலுத்திப் பார்த்தார். 1980இல் கீல் நகரத்து செம் என்பவர் இவ்வழியே குடல்வாலை அகற்றினார்; அதற்காகச் சக மருத்துவர்களின் கண்டனத்துக்கும் ஆளானார். 1990இல் மும்பையில் டெஹெம்டன் உத்வாடியா இம்முறையில் பித்தப்பையை நீக்கி நம் நாட்டில் வழி திறந்தார். அலையும் மண்ணீரலை இவ்வழியே பொருத்திய சிறுவர் ஒருவரின் வரலாற்றை 1998இல் ஜப்பான் நாட்டு ஹிரோசே முதலிய மருத்துவர்கள் வெளியிட்டனர். முதன்முதல் வெளியானவற்றுள் அதுவும் ஒன்று. தமிழ்நாட்டில், கோயம்புத்தூர் ஜெம் மருத்துவமனையைச் சேர்ந்த சி. பழனிவேலுவும் அவர்தம் குழுவினரும் தாம் கையாண்ட முறையை 2007இல் ஒரு பன்னாட்டு மருத்துவ ஏட்டில் எழுதினர். சாண்ட்விச் முறை என்று அதற்குப் பெயரிட்டனர். இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே காய்கறியை வைப்பதுபோல, இரண்டு வலைகளுக்கு நடுவே மண்ணீரலை அமைத்து வைப்பது அம்முறை.

வலை எதற்கு? முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன செய்தி இப்போது பயன்படுகிறது. மண்ணீரலில் ஊசி குத்தித் தைத்தால் தையல் நில்லாது, குருதி பெருகும். ஆகவே உறுப்பைத் தைக்காமலே அதனை நிறுத்தியாக வேண்டும். மாங்காயைக் காம்பில் தைக்க இயலாது; உறியில் இட்டுத் தொங்கவிடலாம் அல்லவா? மருத்துவர்களும் அவ்வாறே செய்கிறார்கள். மெல்லிய இழைகளால் பின்னிய வலையால் மண்ணீரலைப் போர்த்து, அவ்வலையை மட்டும் உதரவிதானத்தின் அடிப்புறத்திலும் வயிற்றின் பக்கச் சுவரிலும் பொருத்துகிறார்கள். சில மாதங்களில் உடலின் இழைமம் வலைக் கண்களினூடே வளர்ந்து இறுகிக் கொள்ளும். மற்றொரு முறை, ரிதிகியெர் வகுத்த பை முறையே. அதனை இன்று துளை வழியே செய்கின்றனர்.

அறுவை நடக்கும் விதத்தை மனக்கண்ணால் பாருங்கள். நோயாளி முழு மயக்கத்தில் இருக்கிறார். இடப்பக்கம் மேலே வருமாறு உடல் சாய்த்து வைக்கப்படுகிறது; குடல் முதலியன தம் எடையாலேயே கீழே சரிந்து வழிவிடும். தொப்பூழ் அருகே ஒரு சிறு துளை. அதன் வழியே கரியமில வாயு மெல்லச் செலுத்தப்படுகிறது. வயிற்றுச் சுவர் கூடாரம்போல் உயர்ந்து, உள்ளே கை வேலைக்கு இடம் உண்டாகிறது. வாயுவின் அழுத்தம் 12 மில்லிமீட்டர் பாதரச அளவை ஒட்டியே வைக்கப்படும். மிகுந்தால் மூச்சுக்கும் இதயத்துக்கும் கேடு. உயிர்வாயு தீப்பற்றுதலுக்குத் துணை செய்யும். கரியமில வாயுவோ அவ்வாறன்று, குருதியிலும் எளிதில் கரைந்து மூச்சின் வழி வெளியேறும். வேதியியல் பயில்வோர் இத்தெரிவைக் கவனிக்க. பின்னர் 5 முதல் 10 மில்லிமீட்டர் அகலமுள்ள மூன்று நான்கு துளைகள். ஒன்றில் ஒளியும் காமிராவும் பொருந்திய குழல். மற்றவற்றில் நீண்ட மெல்லிய கருவிகள். மருத்துவர் நோயாளியின் வயிற்றைப் பார்ப்பதில்லை. எதிரே உள்ள திரையையே பார்த்துப் பணி செய்கிறார்.

முதற்பணி முறுக்கை அவிழ்த்தல். எத்தனை சுற்று, எந்தப் பக்கம் என்று பார்த்து, எதிர்ப்பக்கமாக மெல்லத் திருப்ப வேண்டும். வீங்கிய மண்ணீரல் பட்டாலே கிழியும் நிலையில் இருக்கும். ஆகவே கருவியின் கூரிய நுனியால் பற்றாமல், பக்கவாட்டால் ஏந்தித் தூக்குவர். அவிழ்த்த பின் சற்றுக் காத்திருக்கிறார்கள். அறுவை அரங்கில் எவரும் அசையாமல் திரையையே நோக்கியிருக்கும் நேரம் அதுதான் என்று நினைக்கிறேன். கருநீலமாக இருந்த உறுப்பு மெல்ல மெல்லச் செந்நிறம் பெறுமாயின் அது உயிருடன் இருக்கிறது, காப்பாற்றலாம். நிறம் திரும்பவில்லையாயின் வேறு வழி இல்லை. அகற்றியே ஆக வேண்டும்.

நிறம் திரும்பியது என்று கொள்வோம். பை முறையாயின், விலாவுக்கு அடியில், பக்கச் சுவரை மூடியிருக்கும் உட்சவ்வில் சிறு கீறல் இடுகிறார்கள். சுருங்கிய பலூன் ஒன்றை அதனுள் செருகி ஊதினால், சவ்வு சுவரை விட்டு விலகி மண்ணீரல் கொள்ளும் அளவில் பை உண்டாகிறது. பலூனை எடுத்துவிட்டு மண்ணீரலை அதனுள் தள்ளி, வாயை ஓரளவு தைத்து விடுவர். முழுவதும் தைத்தால் காம்பு நெரியும். மிகத் தளர்த்தினால் உறுப்பு நழுவும். அந்த அளவை அறிவதே கைத்திறன். இப்படியாகச் சுவரொட்டி சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. சில சிறுவர்களுக்கு இரைப்பையின் பிணைப்பும் தளர்ந்திருக்குமாதலால், அதுவும் முறுக்கிக்கொள்ளாதபடி சேர்த்தே பொருத்துவதுண்டு.

வலை சிறந்ததா, பை சிறந்ததா என்பது இன்னும் தீராத வழக்கு. வலை உறுதி தரும். ஆனால் அது உடலுக்கு அயற்பொருள், வளரும் பிள்ளைக்கு அது நாளடைவில் இறுக்கமாகலாம் என்பர் ஒரு சாரார். பை இயற்கைக்கு இணக்கமானது. ஆனால் உறுப்பு மிகப் பருத்திருந்தால் கொள்ளாது என்பர் மற்றொரு சாரார். நோயே அரிதாதலால், நூறு பேருக்கு இம்முறை, நூறு பேருக்கு அம்முறை என்று செய்து ஒப்பிட வாய்ப்பில்லை. சிறுவர்க்குக் கரையும் இழையால் ஆன வலையோ பையோ ஏற்றது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆயினும் தீர்ப்பு மருத்துவருடையது. ஒன்றில் மட்டும் அவர்களிடையே கருத்து ஒருமித்து வருகிறது. தற்செயலாகக் கண்டறியப்பட்டு இன்னும் தொல்லை தராத அலையும் மண்ணீரலையும், முறுக்கு விழும் வரை காத்திராமல் முன்கூட்டியே பொருத்திவிடுவது நலம் என்பதே அது.

அகற்ற நேர்ந்தவர்கள் அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. விழிப்பாக இருந்தால் போதும். நிமோகாக்கஸ், ஹிப், மெனிங்கோகாக்கஸ் என்னும் மூவகைக் கிருமிகளுக்கு எதிரான தடுப்பூசிகளை அவர்கள் போட்டுக்கொள்ள வேண்டும். முன்கூட்டியே திட்டமிட்ட அறுவையானால் இரு வாரங்களுக்கு முன்பே போடுவது நன்று. ஹிப் தடுப்பூசி அடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசி 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவியது. நிமோகாக்கஸ் தடுப்பூசி 2017 முதல் படிப்படியாக அரசுத் திட்டத்தில் சேர்ந்தது. ஆகவே இன்றைய குழந்தைகள் பலருக்கு இவற்றுள் இரண்டு முன்பே கிடைத்திருக்கும். எனினும் மண்ணீரல் இல்லாதவர்க்குக் கூடுதல் தவணைகள் வேண்டியிருக்கலாம். காய்ச்சல் வந்தால் கஷாயம் குடித்து ஒரு நாள் பார்ப்போம் என்று அவர்கள் இருக்கக் கூடாது. அன்றே மருத்துவரிடம் சென்று, தமக்கு மண்ணீரல் இல்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். அச்செய்தியை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருப்பதும் நல்லது.

பொருத்தப்பட்டவர்களுக்கோ இத்தொல்லைகள் இல்லை. பெரும்பாலோர் சில நாட்களில் வீடு திரும்புகிறார்கள். துளைகளின் தழும்பு நாளடைவில் மங்கிவிடும். டாப்ளர் ஸ்கேன் எடுத்து, மண்ணீரல் இடத்தில் இருக்கிறதா, குருதி ஓட்டம் செவ்வையாக உள்ளதா என்று அவ்வப்போது பார்ப்பார்கள். கபடி, கால்பந்து முதலிய முட்டி மோதும் ஆட்டங்களைச் சில வாரங்களுக்குத் தவிர்க்கச் சொல்வார்கள். அதன் பின், மருத்துவர் ஒப்பினால், விளையாட்டு ஆசிரியரிடம் அனுப்பி வைக்கலாம்.